லேப்டாப் தானாகப் பிடித்த சிக்னல்

மோனிஷா கரடியூருக்குக் குடிவந்தபோது வீட்டுக்காரர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இங்கே நெட் லைன் இழுக்க முடியுமா என்று. தண்ணீர் எப்போது வரும், ஏற்காட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பொன்னுவேலுக்கு அது கொஞ்சம் விநோதமாகப் பட்டது. ஆனாலும் ஏற்காட்டில் கேபிள் வேலை பார்க்கும் மெல்வினைக் கூப்பிட்டு, தன் பேரிலேயே ஒரு கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்தார்.

பொன்னுவேலுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் அதற்குள் ஊடுபயிராக ஆரஞ்சும் இருந்தன. அவர் மனைவி ராணி, காட்சிமுனைக்குப் போகிற ரோட்டோரம் டீயும் பஜ்ஜியும் போட்டு விற்றாள். அந்தக் கடையின் பின்சுவரை ஒட்டி ஒரு அறை. முன்பு காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கியிருந்த இடம். அதில்தான் மோனிஷா இருந்தாள். காலையில் கதவைச் சாத்தினால் மாலைவரை லேப்டாப் முன்னால்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்பும் வேலை. சேலத்தில் இருக்கும் கம்பெனி. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள்.

"ஊட்டுக்காரரு எங்க கண்ணு இருக்காரு?" என்று ராணி ஒருமுறை கேட்டாள்.

"வெளியூர்லங்க்கா" என்றாள் மோனிஷா. அதற்குமேல் ராணி கேட்கவில்லை.

வெளியூரில் இல்லை. சேலம் அம்மாபேட்டையில்தான் இருந்தான். பெயர் பிரவீன். ஒரு மில்லுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டினான். கல்யாணமான புதிதில் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டான். வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வேண்டாம் என்றான். அவள் லேப்டாப்புக்கு அவன் போனிலிருந்துதான் நெட். அவன் வெளியே போனால் அதுவும் போய்விடும். போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். திரும்பி வரும்போது அவன் படியேறும் சத்தம் கேட்பதற்கு முன்பே திரையின் மூலையில் இருக்கும் சிறு விசிறிக் குறி மெல்ல விரியும். அவன் தெருவுக்குள் நுழைந்துவிட்டான் என்று அதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள். உடனே முகத்தைத் துடைத்துக்கொள்வாள், அடுப்பைப் பற்றவைப்பாள். சில நாள் அதுவும் போதாது. அவளுடைய இடது கை மோதிர விரல் இன்றும் நேராக நீளாது. அவன் கதவிடுக்கில் வைத்து அழுத்தியது.

ஒருநாள் அவளுடைய அம்மா பழனியம்மாள் ஆள் வைத்துப் பூட்டை உடைத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கோர்ட்டுக்குப் போனார்கள். அவளை நெருங்கக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். அவன் அதற்குப் பிறகும் அம்மா வீட்டுத் தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்தால் கிளம்பிவிடுவான். மறுநாள் மறுபடியும் நிற்பான். அதனால்தான் அவள் மலை ஏறினாள். கல்லூரித் தோழி ஒருத்தியின் அப்பா மூலமாகப் பொன்னுவேலின் அறை கிடைத்தது. மலைப்பாதை பிரவீனுக்குப் பிடிக்காது. வளைவுகளில் ஓட்டினால் தலை சுற்றுகிறது என்பான். அந்த ஒரு காரணத்தாலேயே மலை அவளுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. போன் நம்பரை மாற்றினாள். மெயில் கடவுச்சொற்களை மாற்றினாள். எந்த ஊர் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது லேப்டாப் தகராறு செய்ய ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நெட் நின்றுவிடும். கனெக்‌ஷன் இருக்கிறது என்றுதான் திரை காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. பாதி முடித்த வேலை அப்படியே தொங்கும். மோனிஷா ரவுட்டரை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். மேசையை இழுத்து ரவுட்டருக்குப் பக்கத்தில் போட்டாள். சிலசமயம் சரியாகும், சிலசமயம் ஆகாது.

டீம் லீடர் கீர்த்தனா போன் செய்தாள். "இந்த வாரத்துல எத்தனையாவது தடவை மோனிஷா? மேல கேக்கறாங்க. நெட் சரியா இல்லன்னா ஆபீசுக்கு வந்து பாக்கச் சொல்றாங்க."

"சரி பண்ணிடறேன் மேடம். இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க."

ஆபீஸ் சேலத்தில், பிரவீன் தினமும் போய்வரும் ரோட்டில் இருந்தது. வேலை போனால் கூடப் பரவாயில்லை, அந்த வாசலில் போய் இறங்க முடியாது. அவள் அன்று சாப்பிடவில்லை. ரவுட்டரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெல்வின் ஏணியோடு வந்தான். கம்பத்திலிருந்து அறைவரைக்கும் லைனைச் சோதித்தான். தன் போனில் வேகம் பார்த்தான்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. என் போன்ல பறக்குது. உங்க லேப்டாப்லதான் என்னவோ இருக்குதுங்க."

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சொன்னபடி வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்திருந்தாள். மெல்வின் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓடும்போது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப் தன் வைஃபையைத் தானே தூங்க வைத்துக்கொண்டிருந்தது. அந்த அமைப்பை எடுத்துவிட்டான். நான்கைந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. கீர்த்தனாகூடப் பாராட்டினாள்.

சனிக்கிழமை மறுபடியும் நின்றது.

மெல்வின் போனிலேயே விவரம் கேட்டான். "நிக்கறப்ப கரண்ட் இருந்துச்சுங்களா?"

யோசித்தாள். "கரண்ட் போயிட்டு வந்துச்சு."

"முன்னாடி நின்னப்பவும் கரண்ட் போச்சுங்களா?"

மழை நாளில் மரக்கிளை விழுந்து மின்சாரம் போவது அங்கே வழக்கம். யோசிக்க யோசிக்க, ஆமாம் என்றுதான் தோன்றியது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவை நின்னா எதையும் ஆஃப் பண்ணாதீங்க. வைஃபை குறியை அமுக்கி, எந்தப் பேர்ல கனெக்ட் ஆகியிருக்குதுன்னு மட்டும் பாருங்க. ரவுட்டர் அணைஞ்சதும் உங்க லேப்டாப் பக்கத்துல வேற எதையாச்சும் பிடிச்சிக்கிட்டு விடாம இருக்குதோ என்னமோ."

"வேற எதையும் நான் பிடிக்க வைக்கலியே."

"முன்ன எப்பவாச்சும் கனெக்ட் பண்ணியிருந்தா அது மறக்காதுங்க. பக்கத்துல வந்தா தானாப் போய் ஒட்டிக்கும். அதுல டவர் இல்லன்னா நெட்டும் வராது."

அதைக் கேட்டபோது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. முன்பு எப்போதாவது ராணியின் போனில் ஒட்டியிருக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மாதக் கடைசி என்பதால் அன்றும் வேலை இருந்தது. மதியத்துக்கு மேல் பனி இறங்கி ரோடே தெரியவில்லை. கடையில் சுற்றுலாக் கூட்டத்தின் பேச்சுச் சத்தம். பஜ்ஜி வாசனை சுவரைத் தாண்டி வந்தது. மின்சாரம் போனது. ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ஆனால் நெட் வரவில்லை. கனெக்‌ஷன் இருப்பதாகத்தான் திரை சொன்னது. மோனிஷா எதையும் அணைக்காமல் மூலையில் இருந்த குறியை அழுத்தினாள்.

பட்டியல் விரிந்தது. அவள் வீட்டு ரவுட்டரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதலில், கனெக்ட் ஆகியிருப்பதாக, ‘கிங் பிரவீன்’ என்று இருந்தது.

அது அவன் போனின் பெயர். பக்கத்தில் விசிறிக் குறி முழுதாக விரிந்திருந்தது.

மோனிஷா நாற்காலியிலிருந்து எழவில்லை. கை தானாகப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாபேட்டை வீட்டில் செய்வதையெல்லாம் உடம்பு அவளைக் கேட்காமலேயே செய்யத் தொடங்கியிருந்தது. பிறகுதான் புரிந்தது. அந்த சிக்னல் தெருக்கோடியிலிருந்து வருகிற சிக்னல் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கத்தில் நிற்கிறான்.

சனி, ஞாயிறு, மழை நாட்கள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கரண்ட் போய் நெட் நின்ற நாளெல்லாம் அவன் இங்கே இருந்திருக்கிறான். அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மெல்வினைக் கூப்பிட்டாள். குரல் வெளியே போகாதபடி போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள்.

"ஒருத்தரோட போன்ல என் லேப்டாப் ஒட்டிக்கிட்டா, அவங்க போன்ல அது தெரியுமா?"

"பாத்தா தெரியுங்க. எத்தனை பேரு ஒட்டியிருக்காங்க, அவங்க லேப்டாப்புக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு எல்லாம் காட்டும். ஏனுங்க?"

லேப்டாப்பின் பெயர் ‘மோனிஷா’. அதை வாங்கிய நாளில் அவள்தான் அப்படி வைத்தாள்.

"மேடம், என்னங்க ஆச்சு? குரலு ஒரு மாதிரி இருக்குது."

"அது என் வீட்டுக்காரரோட போனுங்க. அவரு என்னை அடிச்சவரு. கோர்ட்ல உத்தரவு இருக்கு. இப்ப வெளிய நிக்கறாரு."

மெல்வின் மெதுவாகச் சொன்னான். "அந்தப் பேரை அமுக்கி ‘மறந்துவிடு’ன்னு குடுத்துட்டு லேப்டாப்பை அணைச்சிருங்க. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கங்க. நான் பொன்னுவேலு அண்ணனைக் கூப்பிடறேன்."

அவன் சொன்னபடி செய்தாள். தாழ்ப்பாளைப் போடப் போனபோது கதவைத் தள்ளிக்கொண்டு ராணி உள்ளே வந்தாள், பாலுக்கு வைத்திருந்த பெரிய பாத்திரத்தை எடுக்க. மோனிஷாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு?"

மோனிஷா சொன்னாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், விரலை நீட்டிக் காட்டி, துண்டு துண்டாகச் சொன்னாள். கடைசியில் ராணி கேட்டாள்.

"வெள்ளை வேனா? ஒல்லியா, மோதிரம் நெறயப் போட்டுக்கிட்டு, நொம்ப மரியாதையாப் பேசறவனா?"

மோனிஷா தலையசைத்தாள்.

"டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டு வாரா வாரம் வர்றானே. நாந்தான் டீ போட்டுக் குடுத்துட்டு இருக்கறேன்." ராணியின் குரல் இறங்கியது. "போன வாரம் கேட்டான் கண்ணு. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வேல பாக்கற பொண்ணுங்க ஆராச்சும் குடியிருக்காங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டியா ஒரு பொண்ணு இருக்குதுன்னு வண்டிக்காரங்கிட்டச் சொல்லுவனா? ஆருமில்லீங்கன்னுட்டேன்."

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பெயர் அவன் போனில் தெரிந்து, மறைந்து, தெரிந்து, அவன் அதை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறான்.

பக்கவாட்டுச் சந்தில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ராணி திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு.

தன்னைக் காப்பாற்றத்தான் அவள் பூட்டுகிறாள் என்று மோனிஷாவுக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து பூட்டு விழும் அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ நாள் கேட்டிருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" பிரவீனின் குரல். அதே மென்மை.

"கடையில குடத்துல இருக்குதுங்க. முன்னாடி போங்க."

"இந்த ஊட்டுல ஆருங்க இருக்காங்க?"

"ஊடு இல்லீங்க. காப்பிக்கொட்ட போட்டு வச்சிருக்கறோம்."

"கொட்டைக்கு நெட் லைன் எதுக்குங்க?" அவன் சிரித்தான். "கம்பியை நான் பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க. என்ர சம்சாரத்தைத் தேடிட்டு இருக்கறனுங்க. அதுக்கு மனசு சரியில்ல. ஊட்டை விட்டுப் போயிருச்சு. அவங்க அம்மா அழுதுட்டுக் கெடக்கறாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஜன்னல் பலகை மெல்ல அசைந்தது. வெளியிலிருந்து விரல்களால் அழுத்திப் பார்க்கிறான். கொக்கி தாங்கியது. அந்த நேரத்தில் கட்டில்மேல் கிடந்த மோனிஷாவின் போன் அதிர ஆரம்பித்தது. கீர்த்தனா. வேலை நடுவில் நின்றதற்காகக் கூப்பிடுகிறாள். மோனிஷா போனைப் பிடித்திழுத்து வயிற்றோடு சேர்த்துக் குனிந்து அமுக்கிக்கொண்டாள். அது நிற்கும்வரை மூச்சு விடவில்லை.

"உள்ள சத்தம் கேக்குதுங்களே" என்றான் பிரவீன்.

"எலியா இருக்கும்."

"மோனி" என்று கூப்பிட்டான். ஜன்னலுக்கு மிக அருகில், கோபமே இல்லாமல். "மோனி, நீ உள்ளதான் இருக்கறேன்னு தெரியும். வெளிய வா சாமி. ஒண்ணும் செய்ய மாட்டேன்."

கோபமாகக் கூப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அந்தச் ‘சாமி’க்குப் பிறகுதான் எப்போதும் அடி விழும்.

தோட்டத்துப் பக்கமிருந்து பொன்னுவேலின் குரல் கேட்டது. மேடேறி ஓடிவந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏனுங்க, பொம்பளைங்க பொழங்கற எடத்துல உங்களுக்கு என்ன வேல?" கவாத்து வெட்டும் அரிவாளோடு அப்படியே வந்திருந்தார் என்று பின்னால் ராணி சொன்னாள். அதை அவர் ஓங்கவில்லை, காட்டவும் இல்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான். கடைப்பக்கமிருந்து சுற்றுலா ஆட்கள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். டிரைவரைக் காணோம் என்று ஒருவர் கூப்பிட்டார்.

"வரட்டுங்களா" என்றான் பிரவீன், விருந்துக்கு வந்தவன் விடைபெறுவதுபோல. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ராணி பூட்டைத் திறந்தபோது மோனிஷா துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"தெரியலங்க்கா. வாழவந்திப் பக்கம். இல்லன்னா ஓசூர், பெங்களூரு. எங்கியாச்சும்."

ராணி பையைப் பிடுங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். "போறதுன்னா எங்கூட்டுக்காரரு ஜீப்புல கொண்டு போய் விடுவாரு. ஆனா அந்தக் கோர்ட்டுக் காயிதம் வச்சிருக்கறியே, அது எதுக்கு?"

உத்தரவு கையில் இருந்தும் தெருமுனையில் அவன் நின்றதுதான் மோனிஷாவுக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று அவன் நின்றது தெருவில். இன்று ஜன்னல் பலகையில் கை வைத்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கேட்டவர்கள் இருக்கிறார்கள். இதை அவள் அப்போதே தெளிவாக நினைத்தாள் என்று சொல்ல முடியாது. பையிலிருந்து உத்தரவை மட்டும் வெளியே எடுத்தாள்.

ஏற்காடு ஸ்டேஷனுக்கு ஜீப்பில் போனார்கள். பனியில் எதிரே வந்த ஒவ்வொரு வெளிச்சமும் அவளுக்கு அந்த வேனாகவே தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் மெல்வின் தன் பைக்கோடு காத்திருந்தான். உள்ளே இருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் உத்தரவை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "இதை மீறினாலே குற்றம்மா. அடிக்கணும்னு அவசியம் இல்ல" என்றார். வேன் ஏரிக்கரையில் நின்றது. கூட்டம் படகு சவாரிக்குப் போயிருந்தது. அங்கிருந்தே அவனை அழைத்து வந்தார்கள்.

பிரவீன் அவளைப் பார்த்ததும் தலையைச் சாய்த்துச் சிரித்தான். "இளைச்சுட்டியே மோனி. வா, போலாம்." பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம், "குடும்பப் பிரச்சனைங்க. டூர் வந்த எடத்துல தற்செயலாப் பாத்தேன்" என்றான்.

"தற்செயலா இல்லீங்க" என்றாள் மோனிஷா. அவளுக்கே கேட்காத குரல். சப்-இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் குனிந்தார். மோனிஷா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெட் நின்றது முதல் பூட்டு விழுந்தது வரை சொன்னாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். பிரவீனின் போனை வாங்கிப் பார்த்தார்கள். முன்பு ஒட்டிய கருவிகளின் பட்டியலில் வேனில் பாட்டுப் போடும் திரையின் பெயர் இருந்தது. அதன் கீழே அவளுடைய பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலை அவன் நாள்வாரியாகப் படம் பிடித்தும் வைத்திருந்தான். அதைப் போலீஸ் பார்த்த பிறகு அவன் சிரிக்கவில்லை. மோனிஷா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் கேண்டீனிலிருந்து யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தது.

அவனைச் சில நாள் ஜெயிலில் வைத்தார்கள். ஜாமீனில் விட்டபோது, ஏற்காடு மலைப்பக்கமே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். மில் வேலை போனபின் டூரிஸ்ட் வண்டி ஓட்டத் தொடங்கினான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வளைவில் தலை சுற்றுகிறது என்றவன் வாரம் தவறாமல் ஏறியிருக்கிறான்.

பெரிய விடுதலை வந்துவிட்டதாக மோனிஷா உணரவில்லை. கீர்த்தனாவிடம் முழு விஷயத்தையும் சொன்னாள். "ஆபீசுக்கு வரவேண்டாம். மேல நான் பேசிக்கறேன்" என்றாள் கீர்த்தனா. மெல்வின் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி மாட்டினான், கரண்ட் போனாலும் அணையாதபடி. லேப்டாப்பில் பழைய கனெக்‌ஷன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தான். லேப்டாப்புக்கு வேறு பெயர் என்ன வைக்கட்டும் என்று அவன் கேட்டபோது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. வெறும் எண்ணாக வைக்கச் சொன்னாள்.

அடுத்த வாய்தா சேலத்தில். ராணி கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தாள். பழனியம்மாள் கோர்ட் வாசலில் காத்திருந்தாள். மகள் எங்கே இருந்தாள் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டு, "மலைக்கு ஒரு கம்பளி கூட எடுத்துட்டுப் போகலியே நீ" என்று மட்டும் சொன்னாள்.

வராந்தாவில் பிரவீன் தன் வக்கீலோடு நின்றிருந்தான். அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், வேறு வழி இல்லை. மோனிஷா கொஞ்சம் நின்றாள். ராணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

வழக்கு இன்னும் நடக்கிறது.